கூட்டல் எல்லாம் சரி

1963 ஆகஸ்ட் 25, ஞாயிறு. சிவகாசி.

வெயில். காலை எட்டு மணிக்கே கோயில் ஓடு காய்ந்துவிட்டது. இன்று சபைக்கு முன்னால் நின்று மன்னிப்பு வாசித்தேன்.

பத்து வரி. எழுதிக் கொடுத்தவர் என் மாமனார், ஓய்வுபெற்ற உபதேசியார் ஏசுவடியான். அழகான கையெழுத்து. பாவி தடுமாறக் கூடாதென்று எழுத்தைப் பெரிதாக வேறு போட்டிருந்தார். ஐந்தாம் வரியில், "வாலிபருக்கு இடறலாய் இருந்தேன்" என்ற இடத்தில், குரல் கம்மியது. முன்வரிசைப் பெண்கள் அழுகை என்று நினைத்து உச்சுக் கொட்டினார்கள். தொண்டையில் தூசி, அவ்வளவுதான்.

குற்றம்: ஆலங்குளம் பக்கம் சர்க்கார் ஆட்கள் சுண்ணாம்புக்கல்லுக்காகத் துளை போட்டுப் பார்க்கிறார்கள். துளையிலிருந்து எடுத்த உருளைக்கல் ஒன்று, சாண் நீளம், வெள்ளை. கேட்டு வாங்கி வந்து பள்ளியில் ஐந்தாம் பாரம் பையன்களுக்குக் காட்டினேன். இதற்குள் ஒரு கிளிஞ்சல்கூட இல்லை, கிளிஞ்சல் உண்டாவதற்கு முன்பே இந்தக் கல் உண்டாகிவிட்டது, வயது நூறு கோடி வருஷத்துக்கு மேல் என்றேன்.

"ஆதாமுக்கு முன்னாலயா சார்?"

"ஆதாமுக்கும் முன்னால், ஆமைக்கும் முன்னால்."

வகுப்பு சிரித்தது. அந்தச் சிரிப்பு மூன்றே நாளில் சபையின் சேகரக் கமிட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. கொண்டுபோனவரும் மாமாதான். தலைமை ஆசிரியர் இரண்டு வழி வைத்தார்: வாசி, இல்லை வேலையை விடு. வாசித்தேன். எஸ்தர் பெண்கள் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், முக்காட்டைக்கூட இழுத்துவிடவில்லை. புருஷன் பக்கமா, அப்பன் பக்கமா என்று கடைசி வரை தெரியவில்லை.

மத்தியானம் மாமா வழக்கம்போலச் சாப்பிட வந்தார். ஞாயிறு தவறாமல் வருவார். ஆட்டுக்கறிக் குழம்பு. இரண்டு தடவை சோறு வாங்கினார். கை கழுவும்போது, "கறி நல்லா வெந்திருந்துச்சு தாயி" என்றார் மகளிடம். காலையில் என் தோலை உரித்தது பற்றி ஒரு சொல் இல்லை. பிறகு வேத வாசிப்பு, ஜெபம். இந்த வேதப் புத்தகம் எங்கள் கல்யாணத்துக்கு அவர் கொடுத்தது. ஞாயிறு மத்தியானம் அதை அவர்தான் திறப்பார். வேறு யாரும் திறந்தால் மனிதருக்குப் பிடிக்காது.

எழுதி வைக்கிறேன், எனக்கே மறந்துவிடக் கூடாது: நான் அவிசுவாசி அல்ல. தினம் ஜெபிக்கிறேன். சிருஷ்டிப்பின் ஆறு நாளும் நம் கடிகார நாள் அல்ல, கடவுளுக்கு அவசரம் என்பதே கிடையாது என்பது என் கட்சி. இதைச் சொல்ல அந்தப் பத்து வரியில் இடம் வைக்கவில்லை.

ஆகஸ்ட் 27, செவ்வாய்.

கரும்பலகையில் ஆமைப் படம். பெயர் போடவில்லை, போடத் தேவையும் இல்லை. ஓடு நன்றாக வந்திருந்தது. கால் மட்டும் ஐந்து.

வாங்க வேண்டியவை: சிவப்பு மை. மண்ணெண்ணெய். எஸ்தருக்குத் தலைவலித் தைலம்.

எஸ்தர் ஆஸ்பத்திரியிலிருந்து தாமதம். நர்ஸ் வேலைக்குத் தீபாவளிக்கு முந்தைய இந்த இரண்டு மாதம்தான் கொடுமை. விஸ்வநத்தத்திலிருந்து தீக்காயம் இரண்டு பேர். வீட்டுக்கு வந்து மூன்று தடவை கை கழுவினாள். அவள் அம்மா அன்னம்மாள் போனதும் அப்படித்தான், விஸ்வநத்தம் பட்டாசு ஷெட்டில், பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால். வீட்டில் அந்தப் பேச்சு எடுப்பதில்லை.

சாயங்காலம் மாமா வந்தார். கையில் சுருட்டிய தாள். மேசையில் விரித்து, சுருளாமல் இருக்க என் கல்லையே எடுத்து மேலே வைத்தார்!

"ஆதாம்லருந்து இன்னைக்கு வரைக்கும், மாப்பிள்ளை. யாரு யாரப் பெத்தா, பெக்கும்போது எம்புட்டு வயசு, அம்புட்டும் வேதத்துல உள்ளபடி. பத்தொம்பது வருஷமா எழுதுறேன்."

கடைசி வரியில் சிவப்புக் கட்டம். உலகத்தின் வயது: 5,906.

"கோயில் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு அச்சடிச்சு வகுப்புக்கு ஒண்ணு மாட்டணும்னு உங்க தலைமை ஆசிரியர் சொல்லிட்டாரு. நீங்க கூட்டலப் பாத்துக் கீழ ஒரு கையெழுத்துப் போடணும். பேருக்குப் பின்னால பி.எஸ்ஸி. இருக்குல்ல, சனங்க நம்பும்."

கன்னத்தில் அறைந்துவிட்டு, அதே கையால் தாம்பூலம் கேட்கிறார்.

கல்லைத் தட்டிக் காட்டினேன். "இது என்ன சொல்லுதுன்னு கேட்டீங்களா மாமா?"

தூக்கிப் பார்த்தார். "கல்லு கனமாத்தான் இருக்கு. வயசு இதுல எங்கன எழுதியிருக்கு?" கோபமே இல்லை. கேலியும் இல்லை. உண்மையாகவே தேடினார். நூறு கோடி வருஷம் அவர் மேல் ஒரு தூசிகூடப் படியாமல் போய்விட்டது. அதுதான் எனக்கு எரிகிறது.

ஆகஸ்ட் 30, வெள்ளி.

காற்றே இல்லை. பள்ளிக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு மாமாவின் தாளோடு உட்கார்ந்தேன்.

கூட்டல் எல்லாம் சரி. ஒரு இடம்கூடப் பிசகவில்லை. நோவா வரைக்கும் சரி. அப்புறமும் சரி. ஆபிரகாமின் தகப்பன் தேராகு. அங்கே மாட்டினார்!

தேராகுக்கு எழுபது வயதில் பிள்ளைகள் பிறந்ததாக இருக்கிறது. மாமா எழுபதையே கூட்டிவிட்டார். ஆனால் எழுபதில் பிறந்தது மூத்தவன். தேராகு சாகும்போது வயது இருநூற்றைந்து. தகப்பன் செத்த பிறகு ஆபிரகாம் ஊரை விட்டுக் கிளம்பும்போது அவனுக்கு எழுபத்தைந்து. இருநூற்றைந்தில் எழுபத்தைந்து போனால் நூற்றுமுப்பது. ஆக ஆபிரகாம் பிறந்தபோது தகப்பனுக்கு நூற்றுமுப்பது, எழுபது அல்ல. அறுபது வருஷம் விட்டுப்போயிற்று. உலகத்தின் வயது, அவர் வேதப்படியே, 5,966.

விஞ்ஞானம் வேண்டாம், கல் வேண்டாம். அவருடைய வேதம், அவருடைய கணக்கு, அவருடைய பிழை.

சந்தோஷமாக இருந்தது. மறைப்பானேன்? கல்யாணத்தன்றுகூட இப்படி இருந்ததில்லை. கை தன்னால் சிவப்பு மையை எடுத்தது. வேதப் புத்தகத்தின் ஓரத்தில், பையன்கள் நோட்டில் போடுவதுபோலவே: 60 விட்டுப்போனது! 30-8-63. கீழே இனிஷியல். பன்னிரண்டு வருஷ வாத்தியார் பழக்கம், திருத்தினால் தேதி போடாமல் இருக்க வராது.

மாமாவிடம் சொல்லவில்லை. சொல்லப் போவதும் இல்லை. இப்போது இல்லை.

செப்டம்பர் 3, செவ்வாய்.

தலைமை ஆசிரியர் அறையில் மாமா காத்திருந்தார். எழுபது வயது, பரீட்சை முடிவுக்கு நிற்கும் பையனைப் போல விரலை நெட்டி முறித்துக்கொண்டு.

"என்ன மாப்பிள்ளை, எப்படி இருக்கு?"

"கூட்டல் எல்லாம் சரி மாமா."

பொய் இல்லை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. கையெழுத்துப் போட்டேன். சரிபார்த்தவர்: ஞா. தங்கராஜ், பி.எஸ்ஸி., பி.டி. மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை வியர்த்திருந்தது. த.ஆ. காப்பி வரவழைத்தார். போன மாதம் இதே அறையில் எனக்கு உட்கார நாற்காலி காட்டவில்லை.

இன்றைய பாடம்: நாலாம் பாரம், காந்தம். ஐந்தாம் பாரம், பாடப் புத்தகத்தில் உள்ளது மட்டும். பையன்கள் கல்லைக் கேட்டார்கள். வீட்டில் தாள் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறது என்றேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்.

பிரஸ்ஸில் புரூஃப். தீபாவளி லேபிள் ஆர்டர் குவிந்து கிடக்கிறது. லித்தோ மிஷினுக்கு மூச்சு விட நேரமில்லை. இரண்டு லேபிள் ஆர்டருக்கு நடுவே ஒரு மணி நேரம் நமக்கு. ஓரத்துக்குப் புது டிசைன் போட நேரம் இல்லையென்று ஏதோ பட்டாசு லேபிளின் ஓரத்தையே போட்டிருந்தார்கள். ஆதாம் முதல் இன்று வரை நாலு மூலையிலும் பூச்சட்டி எரிகிறது.

மாமா முகம் சுளிப்பார் என்று பார்த்தேன். "இருக்கட்டும். மொதல்ல உண்டானதே வெளிச்சந்தான?" என்றார்.

ஃபோர்மேன் தாளைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார். "ஏன் சார், ஒலகத்துக்கு அம்புட்டுத்தான் வயசா? எங்க ஊரு அய்யனார் கோயில் குதிரைக்கே அதுக்கு மேல இருக்கும்னு சொல்லுவாகளே?"

"உபதேசியார் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றேன்.

புரூஃபில் ஏழு எழுத்துப்பிழை. ஏழையும் திருத்தினேன். ஒரு கொம்பு, இரண்டு கால், நாலு புள்ளி. தேராகு வரியில் பேனா ஒரு கணம் நின்றது. எழுபது. தாண்டிப் போனேன். மாமா பக்கத்திலேயே நின்று, "நம்ம வீட்டுல படிச்ச ஆளு இருக்கிறது எம்புட்டு வசதி பாருங்க" என்று ஃபோர்மேனிடம் பெருமை அடித்துக்கொண்டிருந்தார். ஐந்நூறு பிரதி.

செப்டம்பர் 15, ஞாயிறு.

மாமா மத்தியானம் வந்து சாப்பிட்டார், வாசித்தார், போனார். வழக்கம்போல வேதத்தின் சங்கீதப் பகுதி. எஸ்தர் சொன்னாள்: "அப்பா பண்டிகைக்குப் புது வேட்டி எடுத்திருக்காக. அம்மா போனதுக்கப்புறம் அவுக புதுத்துணி உடுத்தி நான் பாத்ததில்ல."

நான் வீட்டுப்பாட நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். தலை நிமிரவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு. பிரதிஷ்டைப் பண்டிகை.

மழை வரும்போல் இருந்து வரவில்லை. கோயில் நிறைய சனம்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், ருசித்து. ஆராதனை முடிந்தது. த.ஆ. மாமாவின் அட்டவணைத் தாளைத் திறந்து வைத்தார். குருவானவர் மாமாவுக்கு மாலை போட்டார். பிறகு, "சரிபார்த்த நம்ம சார் ரெண்டு வார்த்தை சொல்லட்டும்" என்றார். நான்கு வாரம் முன்பு மன்னிப்பு வாசித்த அதே இடம், அதே படி.

"கூட்டலில் பிழை இல்லை. கூட்டிய எண்ணில் அறுபது வருஷம் பிழை. நேற்றுதான் என் கண்ணில் பட்டது" என்றேன். தேராகுவை எடுத்து விளக்கினேன். வகுப்பில்கூட இவ்வளவு தெளிவாக நான் பாடம் நடத்தியதில்லை. கோயிலில் நின்று சொன்ன அந்த "நேற்று" ஒன்றுதான் பொய்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஒலகத்துக்கே அறுபதாங் கலியாணம் முடிச்சுட்டாரு நம்ம உபதேசியாரு!" கோயில் முழுக்கச் சிரிப்பு. பெண்கள் பக்கத்திலும். குருவானவர் இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டார்.

மாமா தன் தாளையே திரும்பிப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. விரலால் எண்ணினார். மறுபடி எண்ணினார். பிறகு புது வேட்டியோடு அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மாலையைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை.

வெளியே த.ஆ. என்னைப் பிடித்தார். "உங்க பேரும் கீழ இருக்கே சார்?"

"கூட்டல் பார்க்கச் சொன்னார்கள், பார்த்தேன். வேதத்தைச் சரிபார்க்க நான் யார் சார்? மன்னிப்பு வாசித்தவன் ஆயிற்றே."

அவர் மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு நடந்தார்.

மத்தியானம் மாமா சாப்பிட வரவில்லை. பதினோரு வருஷத்தில் முதல் தடவை. எஸ்தர் அவர் தட்டை மூன்று மணி வரை மூடியே வைத்திருந்தாள். நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்.

பள்ளியில் ஆமைப் படம் இல்லை. பையன்கள் மரியாதையாக இருக்கிறார்கள். ஐந்நூறு பிரதியையும் த.ஆ. பழைய பேப்பருக்குப் போட்டுவிட்டார். பட்டாசுக் குழாய் சுருட்டத்தான் போகும். இந்த ஊரில் எழுதியது எதுவும் கடைசியில் அங்கேதான் போகிறது. அன்னம்மாளும் குழாய் சுருட்டப் போனவள்தான் என்பது சாயங்காலம்தான் ஞாபகம் வந்தது.

ஆறு மணிக்கு மாமா வந்தார். கையில் ஒரே ஒரு பிரதி. தேராகு வரியை அடித்து 130 என்று எழுதி, கட்டத்தில் 5,966 என்று திருத்தியிருந்தார். அழவில்லை. சண்டைக்கு வரவில்லை. முகம் தெளிவாக இருந்தது.

"மாப்பிள்ளை, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். ரெண்டு நாளா யோசிக்கேன். பெரியவுக சொல்லுவாக, ஆறாயிரம் வருஷம் முடியும்போது கல்லறையெல்லாம் தொறக்கும்னு. என் கணக்குப்படி இன்னும் தொண்ணூத்து நாலு வருஷம் கெடந்துச்சு. உங்க கணக்குப்படி முப்பத்து நாலுதான்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எஸ்தருக்குப் புரிந்துவிட்டது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சம்பளம் பத்தலன்னு அவள ஷெட்டுக்கு அனுப்புனது நாந்தான். அவ அங்கன மண்ணுக்குள்ள தனியாக் கெடக்கா. எப்ப எந்திரிப்பா, எப்ப மொகத்தப் பாத்து ஒரு வார்த்தை சொல்லப்போறேன்னு தெரியணும்ல? அதுக்குத்தான் இந்தக் கணக்கே. நீங்க அறுபது வருஷத்தக் கொறச்சுக் குடுத்துட்டீக."

பத்தொன்பது வருஷம் அந்த மனிதர் எழுதியது உலகத்தின் வயதை அல்ல. என் வாயில் அப்போதும் விஷம் மிச்சம் இருந்தது. மேசை மேல் இருந்த கல்லைக் காட்டிச் சொன்னேன்: "இது கணக்குப்படி பாத்தா முப்பத்து நாலும் இல்ல, தொண்ணூத்து நாலும் இல்ல மாமா. தேதியே இல்ல."

கல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கல்லுக்கு யாரும் காத்துக்கிட்டு இல்லையே மாப்பிள்ளை. அது எம்புட்டு வேணும்னாலும் கெடக்கட்டும்."

என் கடவுளுக்கு அவசரம் இல்லை. அவருடைய கடவுளிடம் ஒரு தேதி இருக்கிறது. இரண்டும் ஒரே கடவுள்தான் என்று நான் இன்னமும் நம்புகிறேன். எப்படி என்று கேட்டால் தெரியாது.

செப்டம்பர் 26, வியாழன்.

எஸ்தர் வேதப் புத்தகத்தைத் திறந்து என் முன்னால் வைத்தாள். சிவப்பு மை.

"முப்பது, எட்டு. நேத்துத்தான் பாத்தேன்னு கோயில்ல நின்னு சொன்னீகளே?"

கையிலிருந்த பேனாவை மூடி வைத்தேன்.

"ஆச்சரியக்குறி வேற போட்டிருக்கீக."

"நீயும் நான் மன்னிப்பு வாசித்த அன்றைக்கு முக்காட்டை இழுத்துவிடவில்லை" என்றேன். என்னத்தைச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

"உங்களுக்காக ஜெபம் பண்ணிக்கிட்டே ஒக்காந்திருந்தேன். எம் புருசனப் பாத்து எனக்கென்ன வெக்கம்னு நிமிந்து இருந்தேன். இப்பத்தான் வெக்கமா இருக்கு." பக்கத்தை மூடவில்லை. "நான் அப்பாட்ட சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க. ஞாயித்துக்கிழமைக்கு முன்னால."

செப்டம்பர் 28, சனி.

சொல்லவில்லை. மாமா வீடு வரை நடந்தேன். உள்ளே யாருக்கோ தேராகு கணக்கை உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தார். "எங்க மருமகன்தான் கண்டுபிடிச்சாக" என்றது தெரு வரை கேட்டது. திரும்பிவிட்டேன்.

மையை எலுமிச்சம்பழச் சாறு வைத்துத் தேய்த்தேன். சிவப்பு ரோஸ் ஆயிற்று, தேதி போகவில்லை. தாள் மெலிந்துவிட்டது. பக்கத்தைக் கிழித்துவிடலாம். கிழித்தால் கிழித்தது தெரியும். நாளைக்கும் சங்கீதம்தான் வாசிப்பார். எப்போதும் சங்கீதம்தான்.

செப்டம்பர் 29, ஞாயிறு.

விடியற்காலம் நல்ல மழை. ஆட்டுக்கறி. மாமா வந்தார், இரண்டு தடவை சோறு வாங்கினார். கை கழுவிவிட்டு வேதப் புத்தகத்தை எடுத்தார்.

"இன்னைக்குச் சங்கீதம் வேண்டாம். நம்ம தேராகு பகுதியவே வாசிப்போம்."

எஸ்தர் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அப்போதும் வாயைத் திறந்திருக்கலாம்.

வாசித்துக்கொண்டே வந்தவர் நின்றார். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். கட்டைவிரலால் அந்த மெலிந்த இடத்தைத் தடவினார். பிறகு விரல்விட்டு எண்ணினார், கோயில் படியில் எண்ணியதுபோலவே. இரண்டு தடவை.

"அறுபது வருஷம் கிட்ட வந்துருச்சுன்னு சந்தோசமா இருந்தேன் மாப்பிள்ளை. அதுல இருபத்து மூணு நாள நீங்க வச்சுக்கிட்டீகளே."

புத்தகத்தை மூடினார். ஜெபம் செய்யவில்லை. குடையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, "கறி நல்லா வெந்திருந்துச்சு தாயி" என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஆகஸ்டில் ஒன்று. செப்டம்பரில் பண்டிகை வரை இருபத்திரண்டு. இருபத்துமூன்று. கூட்டல் சரி.